பழைய காரும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும்

பழைய கார் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பதினைந்து, இருபது வருடக் காரை வாசலில் உறை போட்டு மூடி வைத்து, செவ்வாய் வெள்ளிக்குக் கோயிலுக்கும் மாதம் ஒரு தடவை டாக்டரிடமும் எடுத்துப் போகிறவர்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனையோ பேர். இந்த வண்டிகளில் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொள்கிற சாமான் பவர் ஸ்டியரிங் பம்ப். படுத்தவுடன் காதில் விழுகிற வாசகமும் ஒன்றேதான்: “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. வண்டியைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க.” பிள்ளைகளும் சொல்கிறார்கள், ஒர்க் ஷாப்பிலும் சொல்கிறார்கள்.

என் கட்சி வேறு. பல வண்டிகளில் பம்ப் உண்மையில் செத்திருப்பதில்லை. கழற்றிய பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது காட்டுகிற அவசரத்தில்தான் அது சாகிறது. பழியை வண்டியின் வயது மேல் போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப என்ன தோள் வேண்டும் என்று. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920-களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டிவிட்டார். ஆனாலும் 1951-ல்தான் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் அதைப் பொருத்தி விற்றது. நம் நடுத்தர வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆயிற்று. இன்றைய புதிய சிறு கார்களில் பம்ப்பே கிடையாது, மின் மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. ஆக, எண்ணெய் பம்ப் வைத்த சிறு கார் என்பது நம் நாட்டில் சுமார் ஒரு பத்து, பதினைந்து வருடத்துச் சங்கதி. அந்தக் கார்கள்தான் இப்போது நம் வாசலில் நிற்கின்றன.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதியில் திரும்புவதைப் பார்க்காதவர்கள் இங்கே யார்? வடம் பிடிக்கிற கூட்டத்துக்குக் கணக்கில்லை. ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலரின் கையில் இருக்கிறது. பவர் ஸ்டியரிங்கும் அதே கணக்குத்தான். திசை உங்கள் கையில், வடம் பிடிப்பது பம்ப்.

வடம் விட்டால் தேர் நின்றுவிடும். கார் நிற்காது, அங்கேதான் ஆபத்து. பம்ப் போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும், வண்டி திரும்பும். ஆனால் சுண்டு விரலால் திருப்பிப் பழகியது திடீரென்று அம்மிக்கல்லாகிவிடும். முப்பது வயதுக்காரன் பல்லைக் கடித்துத் திருப்பிவிடுவான். எனக்கு 71 ஆகிறது, வலது தோள்பட்டை இறுகிப்போய் இரண்டு வருடமாகிறது. தென்காசி ரோட்டில் எதிரே கேரளா லாரி வரும்போது ஸ்டியரிங் கனத்தால் என் தோள் என்ன செய்யும் என்று எனக்கே தெரியும். ஆகையால் “இருக்கட்டும், சமாளிச்சு ஓட்டிக்கலாம்” என்று சொல்கிற கூட்டத்தோடும் நான் சேர மாட்டேன். செய்தால் சரியாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும்.

என் வண்டி 2004-ல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். பெயர் எதற்கு? போன ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் திருப்பத்தில் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. பிறகு தரையில் சிவப்பாகச் சொட்டு. வெளியூரில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். பம்ப், ஸ்டியரிங் ராக் இரண்டையும் முழுசாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். வண்டியை இன்று விற்றால் வருகிற பணத்தில் பாதிக்கு மேல். பம்ப்பைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். திறப்பதில்லை, மாற்றுவதுதான் என்றார்கள்.

நூற்பாலையில் 34 வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தவனுக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை. மில்லில் ஒரு கியர் பாக்ஸ் எண்ணெய் சொட்டினால் கியர் பாக்ஸையா தூக்கி எறிவோம்? ஆயில் சீலை மாற்றுவோம்.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி பம்ப்பைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சுழலி, அதன் பள்ளங்களில் சின்னச் சின்னத் தகடுகள். சுழலும்போது தகடுகள் வெளியே தள்ளி, நீள்வட்ட வளையத்தின் சுவரை ஒட்டி உரசி எண்ணெயைத் தள்ளும். டயரில் நாம் அடிக்கிற காற்று சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு சொச்சம். கையளவு இருக்கிற இந்தப் பம்ப் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். என் பம்ப்பில் வளையத்தின் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது, தகடுகளில் ஒரு கீறல் இல்லை. தண்டின் சீல் மட்டும் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. சில நூறு ரூபாய் சீல் கிட். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

இனிமேல்தான் விஷயம். சீல் மாற்றுவது அரை மணி வேலை. திரும்ப மாட்டுவதற்கு ஒரு நாள் வேண்டும் என்று அந்தத் தம்பி கேட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு சல்லடை இருக்கும், பல மெக்கானிக்குகளே அதைத் தொடுவதில்லை. இருபது வருட அழுக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சல்லடை அடைத்தால் பம்ப்புக்கு எண்ணெய் போதாது. அது முனகும், பிறகு தன்னையே தின்னும். தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வருகிற ரப்பர் ஹோஸும் அப்படித்தான். அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் கிளிப் தளர்ந்திருந்தாலும் சில வண்டிகளில் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே பார்த்தால் துளி ஈரம் இருக்காது, உள்ளே எண்ணெய் நுரைத்துக்கொண்டிருக்கும். அழுத்தக் குழாய் சேருகிற இடத்தில் செம்பு வாஷரோ ஓ ரிங்கோ எது இருந்தாலும் புதிதாகப் போட வேண்டும். ஒரு தடவை நசுங்கிய செம்பு வாஷர் இரண்டாவது தடவை சரியாக அடைக்காது. பத்து, இருபது ரூபாய்ச் சாமான்.

பெல்ட்டைப் பற்றி மில்காரனிடம் கேளுங்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். தளர்ந்தால் கீச்சிடும். கீச்சிடுகிறதே என்று முறுக்கிக் கட்டினால் பம்ப்பின் பேரிங் போய்விடும். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். நூலுக்கா பஞ்சம் நம் ஊரில்!

கடைசியாகக் காற்று எடுப்பது. நூற்றுக்கு எத்தனை பேர் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். பம்ப்பை மாட்டி, எண்ணெய் ஊற்றி, உடனே சாவியைத் திருப்பினால், வறண்ட பம்ப் எஞ்சின் வேகத்தில் சுற்றும். தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இல்லாமல் அந்தச் சில விநாடிகளிலேயே கீறல் விழலாம். முறை இதுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். எஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பதினைந்து, இருபது தடவை திருப்ப வேண்டும். தொட்டியில் எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் எஞ்சின். அப்போதும் கோடியில் பிடித்து நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் முழுசும் உள்ளே இருக்கிற வால்வு வழியாகச் சுற்றி எண்ணெய் கொதித்துவிடும். (ஓட்டும்போதும் இது பொருந்தும். சந்து முனையில் வண்டியைத் திருப்பும்போது கோடி வரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் கவனிக்கவும்.) எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. விட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி செய்ய வேண்டும். அன்றைக்கு நாங்கள் மூன்று டீ குடித்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், என் நண்பர். அவர் வண்டிக்கும் இதே கோளாறுதான். வேறோர் இடத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அவருக்கு ஏக சந்தோஷம். மறு வாரமே ஊளை. எண்ணெய் குறைந்திருக்கும் என்று யாரோ பிரேக் ஆயிலை வேறு ஊற்றிவிட்டார்கள். பிரேக் ஆயில் இந்த ரப்பர் சீல்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும். ஒரே மாதத்தில் பம்ப், ராக் இரண்டும் போயின. “பழைய வண்டி சார், அப்படித்தான்” என்று கை விரித்துவிட்டார்கள். நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய வண்டியை எடைக்குக் கொடுத்தார். இப்போது பாடசாலை நண்பர்களைப் பார்க்க ராஜபாளையம் வருவது அவருக்குக் குறைந்துவிட்டது. பன்னிரண்டு கிலோமீட்டர் கூட இல்லை. பஸ் நிறைய இருக்கிறது, ஆனால் முழங்கால் வலிக்காரருக்குப் பஸ் படி ஏறுவதுதான் மலை.

பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2019-லிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநருக்கு ஏர் பேக்கும் கட்டாயம். என் வண்டியில் இரண்டும் இல்லை. அதனால்தான் நான் மதுரைக்கு ஓட்டுவதில்லை, இருட்டிய பிறகு வண்டியை எடுப்பதில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மடவார்வளாகம் போய்விட்டு வர எட்டு லட்ச ரூபாய்க் கடன் எதற்கு?

அரசாங்கமும் பழைய வண்டியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025-ல் 20 வருடம் தாண்டியதற்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். டெல்லி நிலவரத்தைக் கேட்டுவிட்டு இங்கேயும் வண்டியை அழித்தே ஆக வேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி இல்லை. சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். சோதனை கடுமையாக இருக்கட்டும், ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் நன்றாகப் பார்க்கட்டும், நான் வரவேற்கிறேன். பணத்தைக் கூட்டுவதால் வண்டி பத்திரமாகிவிடாது. நாம் கேட்க வேண்டியது உதிரி சாமானும் பழுது பார்க்கும் கையேடும். ஒன்றிய நுகர்வோர் துறை 2022-ல் ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சீல் கிட் தனியாகக் கிடைக்கிறதா, பம்ப்பை முழுசாகத்தான் விற்பார்களா என்பதை ஒவ்வொரு கம்பெனியும் அதில் சொல்லியாக வேண்டும் என்று ஆக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி கை பழக்கம். பம்ப்பைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் நம் பக்கத்தில் அருகி வருகிறார். அந்தத் தம்பியிடம் வேலை கற்றுக்கொள்ள ஆள் இல்லை. ராஜபாளையத்திலேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் இருக்கிறது. மில்லில் ஓய்வுபெற்ற பிட்டர்கள் தெருவுக்கு நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் பையன்களை உட்கார வைத்து, சீல் மாற்றவும் பெல்ட் நேர் பார்க்கவும் காற்று எடுக்கவும் சொல்லிக் கொடுக்க எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் வண்டிக்கு இந்த வேலை வந்தால், கூடவே நில்லுங்கள். மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்து ஒரு வாரம் தினமும் காலையில், வண்டி எடுக்கும் முன் தொட்டியில் அளவைப் பாருங்கள். புதுப் பம்ப்தான் போட வேண்டும் என்று ஆகிவிட்டால் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி, வாய் இரண்டையும் துணியால் அடைத்து, வீட்டில் வையுங்கள். அதே மாடல் வண்டி வைத்திருக்கிற இன்னொருவருக்கு அதன் புல்லியாவது உதவும்.