மெயின் சுவிட்ச் எந்த உயரத்தில்?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை தாண்டியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை வட்டாரங்கள் மறுபடி மூழ்கின. இரண்டு முறையும் மின்வாரியம் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியது. நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் கோபப்பட்டார்கள்.

கோபம் நியாயம்தான். ஆனால் வாரியத்தின் சங்கடமும் பொய்யல்ல. ஒரு தெருவுக்கு மின்சாரம் கொடுப்பது என்றால் அங்குள்ள எல்லா வீட்டுக்கும் கொடுப்பது. கடைசித் தரைத்தளத்தின் பிளக் பாயின்ட் தண்ணீருக்குள் இருக்கும்வரை, நனையாத மூன்றாவது மாடியிலும் விளக்கு எரியாது. தெருவிலேயே தாழ்வான சுவிட்ச் போர்டுதான் தெரு முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிறது. வயரிங் வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

சுவிட்ச் போர்டின் உயரம் என்றால் எதிலிருந்து அளப்பது? எலெக்ட்ரீஷியன்கள் வீட்டுத் தரையிலிருந்து அளக்கிறார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், சென்னையில் பல வீடுகளின் தரை சாலைக்குக் கீழே போய்விட்டது. கட்டும்போது பத்திரமாக இருந்த பிளக் பாயின்ட் இன்று பத்திரமில்லை. வெள்ளம் வரும் பகுதியில், 2015இல் தண்ணீர் தொட்ட கோடுதான் அளவுகோலாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே மீட்டரும் மெயினும். வயர்கள் தரைக்குள் ஓடாமல் கூரையிலிருந்து இறங்க வேண்டும். தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி சர்க்யூட்.

இப்போதைய அடுக்குமாடிகள் தூண்கள்மேல் எழும்பி, வீடுகளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிவிட்டன. ஆனால் மீட்டர் பலகை, சம்ப் மோட்டார், லிஃப்டின் பள்ளம் எல்லாம் கீழே வாகன நிறுத்தத்திலேயே இருக்கின்றன. மெயினை அணைக்க ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது; இதைவிட மோசமான ஏற்பாட்டைத் திட்டமிட்டுக்கூடச் செய்ய முடியாது.

அடுத்தது பாதுகாப்புக் கருவி. எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஓர் ஆளின் இதயத்தை நிறுத்தக்கூடிய 100 மில்லி ஆம்பியர் கசிவு கண்ணில்கூடப் படாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் உயிர் காப்பது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள் கசிவுத் துண்டிப்பைக் கட்டாயமாக்கியபோது, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த ஒற்றைமுனை இணைப்புகளை விட்டுவிட்டன. விட்டுப்போனவை சிறிய வீடுகள். தாழ்வான பகுதிகளில் அதிகம் இருப்பவையும் அவையே. வரம்பு பின்னர் குறைக்கப்பட்டாலும், முன்பே கட்டிய வீடுகளுக்குள் புதிய விதி தானாக நுழைந்துவிடாது.

பொருத்தியவர்கள் கதையும் விசேஷம். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். ‘ட்ரிப் ஆகிட்டே இருக்கு சார், டைரக்டா குடுத்துட்டேன்’ என்பார் எலெக்ட்ரீஷியன். வீட்டுக்காரர் நன்றி சொல்லிக் கூலி கொடுப்பார். கசிவைத் தேடவேண்டிய இடத்தில் காவலை நீக்கியாயிற்று.

இன்வெர்ட்டர் இன்னொரு பொறி. தெருவில் மின்சாரம் இல்லை என்பதால் வீட்டு பிளக்கிலும் இல்லை என்று நினைத்துத் தண்ணீரில் கை வைப்பவர் உண்டு. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதையெல்லாம் மாற்றுவது யார்? தரைத்தளத்தில் இருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர். சுவரை உடைக்க அவருக்கு உரிமையில்லை. உரிமையாளர் மாடியில் இருப்பார், அல்லது வேறு ஊரில். ஆகவே பெயர் மாற்றம், கூடுதல் லோடு, மீட்டர் மாற்றம் என்று இணைப்பு சம்பந்தமாக வாரியத்திடம் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் வயரிங் சோதனையைச் சேர்க்கலாம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்த ஊழியர்கள் எப்படியும் வீடு வீடாக வரவேண்டியிருக்கும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பழைய மீட்டரைக் கழற்றும் அன்றே புதியதை வெள்ளக் கோட்டுக்கு மேலே மாட்டச் சொல்லி வாரியம் உத்தரவிடலாம்.