தோற்றவர் காக்கும் ஜனநாயகம்

ஒரு நாட்டில் ஜனநாயகம் வேரூன்றியிருக்கிறதா என்பதற்கு, தேர்தலில் தோற்றவரின் நடத்தையே உரைகல். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா இதற்குச் சான்று.

1966 முதல் 1981 வரை அடுத்தடுத்து ராணுவப் புரட்சிகளைக் கண்ட நாடு அது. 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 2008 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் சுமார் 40 ஆயிரம் வாக்குகளே முடிவைத் தீர்மானித்தன. ஆளும் கட்சி வேட்பாளர் அகுஃபோ அடோ தோல்வியை ஏற்றார். 2012 தேர்தல் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடிய அவர், 2013இல் பாதகமாக வந்த தீர்ப்புக்கும் கட்டுப்பட்டார். 2016இல் மக்கள் அவரையே அதிபராக்கினர்.

2024 டிசம்பரில் ஆளும் கட்சி வேட்பாளரான துணை அதிபர் பவுமியா, தேர்தல் ஆணையத்தின் அறிவிப்புக்குக் காத்திராமல் எதிர்க்கட்சியின் மகாமாவை வாழ்த்தினார். வாக்குச்சாவடியிலேயே வாக்குகளை எண்ணி, முகவர்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கட்சிகளுக்கு அளிக்கும் நடைமுறையே இதைச் சாத்தியமாக்கியது. பெருந்தன்மைக்கும் வெளிப்படையான ஏற்பாடு தேவைப்படுகிறது.

ஆயினும், வாக்குச்சீட்டு மட்டும் வயிற்றை நிரப்பாது. 2022இல் கானாவில் பணவீக்கம் 50 சதவீதத்தைத் தாண்டியது. வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் அரசு கைவிரித்தது. அதே ஆண்டு, அண்டை நாடான புர்கினா ஃபாஸோவில் இருமுறை ராணுவப் புரட்சி நிகழ்ந்தது. தேர்தலால் வாழ்வு மாறாது என்ற எண்ணம் பரவினால், சீருடைக்கு வரவேற்பு கிடைத்துவிடும். ஆட்சியை மாற்றும் உரிமையை நிலைநாட்டிய கானா, அதனால் வாழ்வும் மாறும் என்பதை நிரூபித்தாக வேண்டும்.