போர்டு போகவில்லை, தம்பி

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். பேத்தியின் சின்னக் கணினி, அப்டேட் பாதியில் கரண்ட் போனதால் செத்துக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதினோரு பேர் பதில் சொன்னீர்கள். அதில் ஒன்பது பேர் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க". அந்த ஒன்பதில் நான்கு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த நாலு பேர் மேல்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். பாரீஸிலிருக்கும் மாப்பிள்ளை இரண்டு வருடம் முன்பு அனுப்பியது ஒரு ராஸ்பெர்ரி பை 4. உள்ளங்கையில் அடங்கும். பழைய டிவியை மானிட்டராக மாட்டி, ஒரு கீபோர்டும் சேர்த்துப் பேத்திக்குக் கொடுத்தோம். அவள் பிளஸ் டூ. ஒரு வருடக் குறிப்புகளும், பைத்தானில் எழுதிய புராஜெக்டும் அதில்தான். அன்று மாலை ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்து ரீபூட் ஆகும் நேரம் கரண்ட் போனது. ஐப்பசி மழையில் நெரவியில் கரண்ட் போவது ஒரு செய்தியா? திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. டிவி கறுப்பு. பிள்ளை இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போர்டு போயிடுச்சு சார்." இரண்டு நிமிடம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். இந்த வயதில் வேறென்ன வேலை.

ஃபர்ம்வேர் என்பது, கணினி கண் விழித்ததும் முதலில் படிக்கும் சின்ன நிரல். பை 4-இல் அது 512 கிலோபைட் கொண்ட ஒரு சிப்பில் இருக்கிறது. அப்டேட் என்றால் அந்தச் சிப்பில் இருப்பதை அழித்துப் புதியதை எழுதுவது. பாதியில் மின்சாரம் போனால் பாதி எழுத்து. போனது எழுத்துதான், பலகை அல்ல. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் உடைந்தால் பலகையைக் கழற்றிக் கடாசுவோமா?

ஆனால் முதல் நிரலே இல்லாதபோது திரும்ப எழுதுவது யார்? இங்கேதான் அதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். பிராசசருக்குள்ளேயே இன்னொரு துண்டு நிரல் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே பதித்தது, எந்த அப்டேட்டும் அதைத் தொட முடியாது. அது விழித்ததும் எஸ்.டி. கார்டில் மீட்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைக் கொண்டு கெட்டுப்போன சிப்பைப் புதிதாக எழுதிவிடும். நம் ஊர் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வார்த்தை போதும்: விதைநெல். வெள்ளத்தில் வயல் மொத்தமும் போனாலும் குதிரில் தனியாக வைத்தது இருந்தால் மறுபடி நாற்று விடலாம்.

ஒரு எச்சரிக்கை. மீட்புக் கோப்பை எழுதும்போது அந்தக் கார்டில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். பேத்தியின் குறிப்புகள் முழுவதும் அவளுடைய கார்டில். அவசரத்தில் அதையே செருகியிருந்தால் ஒரு வருட உழைப்பை நானே துடைத்திருப்பேன். பழைய செல்போனில் கிடந்த 8 ஜிபி கார்டு ஒன்றை எடுத்தேன். என் லேப்டாப்பில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, பூட்லோடர் மீட்பைத் தேர்ந்தெடுத்து அதில் எழுதினேன். கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் பத்து விநாடிக்குள் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கிறது. டிவி முழுக்கப் பச்சை. வயல் மாதிரி. அணைத்து, கார்டை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டோம். எல்லாம் இருந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

கடைத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த நிறுவனம் அவர் கையில் ஒரு கையேடு கொடுத்தது? என் சண்டை அவரோடு அல்ல.

வீட்டில் இன்னொரு பிணமும் இருக்கிறது. அண்ணன் மகனின் லேப்டாப். பெயர்பெற்ற கம்பெனிதான், எது என்று சொல்லப்போவதில்லை. அது யாரும் கேட்காமலேயே ஒரு ராத்திரி ஃபர்ம்வேர் அப்டேட் செய்துகொண்டது, காலையில் எழவில்லை. உத்தரவாதம் முடிந்து ஒரு மாதம். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லேப்டாப் விலையில் பாதியைக் கேட்டார்கள். பரணில் ஏறியது.

அதிலும் எழுத்துதான் கெட்டிருக்க வேண்டும். அதே எட்டுக் கால் சிப். கிளிப் மாட்டித் திரும்ப எழுதத் தெரிந்தவர்கள் உண்டு (சில சிப்புகள் 1.8 வோல்ட், கூடுதலாகக் கொடுத்தால் உண்மையாகவே செத்துவிடும், தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம்). எழுதுவதற்குக் கோப்பு வேண்டுமே? கம்பெனியின் தளத்தில் தேடினேன். இருக்கிறது, விண்டோஸில் ஓடும் அப்டேட்டாக. எந்த லேப்டாப்புக்கோ அதே லேப்டாப்பில்தான் ஓடுமாம். அதாவது, செத்தவன் தானே எழுந்து நடந்து வந்து மருந்து வாங்கிக் குடிக்க வேண்டும்!

உடனே ஒரு மாணவன் எழுதுவான், எனக்குத் தெரியும்: "சார், பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைக்கிறாங்க." பயம் நியாயமானதுதான். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி சி.ஐ.எச். என்ற வைரஸ் கணினிகளின் பயாஸ் சிப்பையே அழித்தது சிலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் என்ன? அழிக்க முடியாத ஒரு பகுதியைத் தனியே வை என்பதுதானே? குரோம்புக்கில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஃபர்ம்வேரில் ஒரு பகுதி, அப்டேட் தொடாதபடி வன்பொருளிலேயே பூட்டியது. மீட்புக் கோப்பு, கூகுளின் கையொப்பத்தோடு, எல்லோருக்கும் இலவசம். மூன்று விசையை அழுத்தினால் மீட்புத் திரை. பூட்டும் இருக்கிறது, சாவியும் சொந்தக்காரன் கையில் இருக்கிறது. முடியாது என்கிறவர்களுக்கு முடியாமல் இல்லை, மனசில்லை.

"அப்டேட் போட்டது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது" என்பார்கள். 2020 டிசம்பர் கடைசியில் ஷாவ்மியின் மி ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்து, நம் நாட்டில் பல பேருடைய போன் கல்லாகிப் போனது. கூச்சல் எழுந்ததும் உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஆக, யார் பொறுப்பு என்பது அவர்களுக்கே தெரியும். பல பேர் சேர்ந்து கத்தினால் இலவசம், தனி ஆள் போய் நின்றால் மதர்போர்டு. இதுதான் நியாயமா?

மாப்பிள்ளையிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்துவிட்டு, "மாமா, இங்க லேப்டாப் வாங்கறப்பவே பத்துக்கு எத்தனைன்னு ஒரு மார்க் ஒட்டியிருக்கும்" என்றார். பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் இது சட்டம். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று அப்போது போன், லேப்டாப், டிவி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு மதிப்பெண் கொண்டுவந்தார்கள். கையேடு கொடுக்கிறார்களா, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதோடு, லேப்டாப்புக்கு மென்பொருளை முதல் நிலைக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 1954 வரை நம் காரைக்காலை ஆண்ட நாடு. பாஸ்போர்ட்டுக்கும் பென்ஷனுக்கும் இன்றும் அந்தப் பக்கம் பார்க்கிறோம், இதையும் கொஞ்சம் பார்த்தால் என்ன.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளமும் வந்தது. 2025 மே மாதம் நமக்கும் ஒரு மதிப்பெண் முறை வேண்டும் என்று இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. அறிக்கையால் பரணில் இருக்கும் லேப்டாப் எழாது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி: ஃபர்ம்வேர் அப்டேட் அனுப்புகிற எவரும், அது தோற்றால் வாங்கியவர் தன் கையாலேயே மீட்டுக்கொள்ளும் வழியையும் அதற்கான கோப்பையும் கூடவே வெளியிட வேண்டும். வழி இல்லையா, அப்டேட் அனுப்பாதே.

இனி உங்களிடம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறீர்கள். அரசு அலுவலகத்தில் கணினி வாங்கக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும்போது டெண்டரில் திரை எத்தனை அங்குலம், மூடியில் யார் படம் என்றெல்லாம் எழுதுகிறீர்களே, "மீட்புக் கோப்பு தரப்பட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க எத்தனை நிமிடம் ஆகும்? அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பிள்ளைகளின் பெட்டி காயலான் கடைக்குப் போகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

நனைந்ததும் எரிந்ததும் வேறு. அதற்கு நானும் வழி சொல்ல முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு எழாமல் பரணில் கிடப்பது எதுவானாலும், எடைக்குப் போடுமுன் மாடல் எண்ணை எனக்கு மெசஞ்சரில் அனுப்புங்கள். பேத்தி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். முதல் பக்கத்தில் பெரியப்பா மகனுடைய லேப்டாப். கோப்புக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு மூன்றாவது கடிதம் நேற்று அனுப்பியிருக்கிறேன்.