வாலிகண்டபுரத்தை வீட்டுத் தரையில் விரியுங்கள்!

தரையில் வரைபடம் விரித்து, பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பழைய போர் ஒன்றை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டை நம்மவரில் இரு சாரார் வெறுக்கின்றனர். “பொழுதைக் கொல்லும் வீண் வேலை, மார்க்கத்துக்கும் ஒவ்வாதது” என்பர் ஒரு சாரார். “பிஞ்சு நெஞ்சில் கொலைவெறியை விதைப்பது” என்பர் மறு சாரார். இருவர் கவலையும் மதிக்கத்தக்கதே. ஆயினும் இருவரும் ஓர் உண்மையைக் காண மறுக்கின்றனர். நம் பிள்ளைகள் ஏற்கெனவே போர் விளையாடிக்கொண்டுதான் இருக்கின்றனர்! கைபேசித் திரையில், தனித்து, இரவு வெகுநேரம் வரை சுட்டுக்கொண்டிருக்கின்றனர். அங்கே மாண்டவன் மறுநொடியே எழுந்து வருகிறான். அவனுக்குத் தாயில்லை, ஊரில்லை, பசியில்லை.

அதைவிடக் கொடிய போர் விளையாட்டு ஒன்று மேடைகளிலும் வெள்ளித்திரையிலும் நடக்கிறது. வரலாற்றுக்கு இரண்டே நிறம் பூசி, முஸ்லிம் அரசர் எல்லோரையும் ஒரு பக்கமும், இந்து அரசர் எல்லோரையும் மறுபக்கமும் நிறுத்துகிறார்கள். நம் பிள்ளையும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அந்த இரு பக்கங்களில் போய் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். இந்தப் பொய்யைக் கண்டனத் தீர்மானங்களால் மட்டும் வெல்ல இயலாது. வீட்டுத் தரையில், ஒரு காகித வரைபடத்தின் மீது வெல்லலாம் என்பதே என் வாதம்.

அதற்கு வாட்டர்லூ வேண்டாம். பெரம்பலூர் போதும்.

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி – சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவர் கட்டியது என்பர். பேருந்துச் சன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டுக் கண்ணயர்ந்து விடுகிறோம். ஆனால், தென்னாட்டின் தலைவிதியைப் புரட்டிய நாடகத்தின் ஒரு காட்சி அங்கேதான் அரங்கேறியது.

1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். நவாபுப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர் துணையோடு திருச்சியை நோக்கி வந்தார். 1751-இல் அவரை வழிமறிக்க ஆங்கிலக் கம்பெனி, கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வாலிகண்டபுரத்துக்குப் படை அனுப்பியது. இரு தரப்பும் கோட்டைத் தலைவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றன. அவரோ எப்பக்கமும் சாயாமல் நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கினர், கற்கோட்டை பணியவில்லை. சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் எதிர்ப்பட்டதும் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் கலங்கினர். படை திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையோடு சென்றவர்களுள் ஒருவர் ராபர்ட் கிளைவ். அதே ஆண்டில் அவர் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752-இல் பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் அதே வாலிகண்டபுரத்தில் அவரிடம் சரணடைந்தார்.

இதைத் தரையில் விரியுங்கள். பிறகு பிள்ளையிடம், “முஸ்லிம்களை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்து” என்று சொல்லிப் பாருங்கள். அவன் திகைத்துப் போவான்! முகம்மது அலி முஸ்லிம். சந்தா சாகிபும் முஸ்லிம். 1752-இல் முகம்மது அலிக்குத் துணை நின்றவர்கள் மைசூர் நஞ்சராஜர், மராத்தியர் முராரி ராவ், தஞ்சை மன்னர் பிரதாப சிங், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆகியோர். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்தும் தலையிழந்தார். திருச்சியைத் தருவதாக மைசூருக்கு முகம்மது அலி அளித்த வாக்கு காற்றில் பறந்தது. உடனே மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் மாறினர். பச்சை, காவி என்று இரண்டு நிறக் காய்களை வைத்துக்கொண்டு இந்தப் போரை எவராலும் ஆட முடியாது. எந்த மேடைப் பேச்சாலும் விளக்க முடியாத இந்த உண்மையைப் பத்து வயதுப் பிள்ளை தன் விரலால் உணர்ந்துகொள்வான்.

வென்றவர் கதையையும் அவன் ஆட வேண்டும். முகம்மது அலி பட்டத்தை வென்றார், கடனில் மூழ்கினார். படைச் செலவுக்கென்று வாங்கிய கடனுக்கு நாட்டு வருவாயையே அடகு வைத்தார். நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து 1765-இல் அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களை அடக்கின. 1795-இல் முகம்மது அலி மறைந்தார். 1801-இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆகவே நம் வீட்டு ஆட்டத்தில் ஒரு விதி கட்டாயம் இருக்கட்டும்: ஒவ்வொரு சுற்றிலும் படைக்குச் சம்பளமும் நெல்லும் தர வேண்டும்; இல்லாதவர் கம்பெனியிடம் கடன் வாங்கலாம். போரில் வென்ற பிள்ளை, இறுதியில் கணக்குப் பார்க்கும்போது நாட்டை இழந்திருப்பான். அந்த ஒரு மாலைப் பொழுது ஓராண்டுச் சரித்திரப் பாடத்துக்கு ஈடாகும்.

இனி, ஆட்சேபங்களுக்கு வருவோம். “பகடை உருட்டுவது கூடாதே” என்பீர்கள். சரி, பகடை வேண்டாம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் வெளியிட்ட போர் விளையாட்டில் பகடை இருந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அதைத் தள்ளிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று மாற்றினார். நம் வீட்டு நன்னாவை விட நல்ல நடுவர் உண்டா? பந்தயம் கூடாது, தொழுகை நேரம் தவறக் கூடாது என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. அவற்றை முதல் விதியாக எழுதி வையுங்கள்.

“உருவப் பொம்மை ஆகாதே” என்பீர்கள். சிறுமியாயிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீஸ் நூல் கூறுகிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையா? புளியங்கொட்டை காலாட்படை ஆகட்டும். மக்காச்சோளம் குதிரைப்படை ஆகட்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் துண்டு கோட்டை ஆகட்டும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்குவதைக் கூழாங்கற்களால் ஆடியவர்கள்தாமே நம் முன்னோர்!

“போர்வெறி வளருமே” என்பார்க்கும் விடை உண்டு. பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி வகுத்து 1913-இல் நூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், இந்தச் சிறிய போரை ஆடிப் பார்த்தவனுக்கே பெரிய போர் எத்துணை மடமை என்று புரியும் என்ற கருத்தோடுதான் அதை முடித்தார். மறு ஆண்டே ஐரோப்பா உலகப் போரில் குதித்தது. தவறு பொம்மைகளுடையதன்று, மனிதரைப் பொம்மையாக எண்ணியவர்களுடையது. ஆகவே வரைபடத்தில் கோட்டையை மட்டும் வரையாதீர்கள். பேட்டையையும், கிணறுகளையும், கரிசல் காட்டையும் வரையுங்கள். படை கடந்து போன ஊரில் அவ்வாண்டு விளைச்சல் இல்லை என்று விதி எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் வெற்றி தோல்வியோடு, எத்தனை ஊர் அழிந்தது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள்.

பெற்றோரே! விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளை ரஞ்சன்குடிக்கு அழைத்துச் சென்று அந்த மதில்களையும் அகழியையும் காட்டுங்கள். வீடு திரும்பியதும் ஒரு தாளை விரியுங்கள். எதிரே அமர அடுத்த வீட்டுப் பிள்ளையை அழையுங்கள்; அவன் எந்தச் சமயத்தவனாயினும் சரி. ஓர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாறி அமரட்டும். சந்தா சாகிபாக ஆடியவன் முகம்மது அலியாகட்டும்; கம்பெனியாக ஆடியவன் தாக்குண்ட பேட்டையின் குடியானவனாகட்டும். எதிரியின் இடத்தில் ஒருமுறை அமர்ந்து எழுந்த பிள்ளையைப் பகைமூட்டும் பேச்சு எளிதில் அசைத்துவிடாது.