செய்தவர் பெயர்



நிதியாண்டு முடியும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. சம்பளம் போதவில்லை என்பதைவிட, ‘நான் செய்தது யாருக்கும் தெரியவே இல்லை’ என்றுதான் நிறையப் பேர் மனம் நொந்து எழுதுகிறார்கள்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் சகோதரி ஒருவரின் கடிதம் இது. துணி கட்டிங்குக்குப் போகும் முன் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி, அளவு குறித்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பார்ப்பது அவர் வேலை. 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் அந்த லாட்டை விடக்கூடாது. ஓர் இரவு ஷிஃப்டில் ஒரு லாட் 8 சதவீதம் சுருங்கியது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது, கட்டிங் மாஸ்டர் சத்தம் போடுகிறார். இவர் அசையவில்லை. துணியை முன்கூட்டியே சுருக்கித் தரும் காம்பாக்டிங்குக்கு மீண்டும் அனுப்பவைத்தார். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பையர் பாராட்டி எழுதிய மெயில் மெர்ச்சண்டைசருக்கு வந்தது. அவர் மேனேஜருக்கு அனுப்பினார், மேனேஜர் முதலாளிக்கு அனுப்பினார். ‘நம்ம டீம் நல்லா பண்ணியிருக்காங்க’ என்று மேலே ஒரு வரி. இப்படி ஒரு மெயில் வந்ததே சகோதரிக்கு கேன்டீனில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ‘நானே போய்ச் சொன்னால் அல்பமாகத் தெரியாதா சார்?’ என்று கேட்டிருக்கிறார்.

தெரியாதம்மா. தயங்காமல் சொல்லுங்கள்.

‘நாம நம்ம வேலையப் பார்ப்போம், பார்க்கிறவங்க பார்த்துக்கட்டும்’ என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், பெண் பிள்ளைகளிடம் இதை இன்னும் அழுத்தியே சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால், முப்பது நாற்பது பேரை மேய்க்கும் மேலதிகாரிக்கு ஒவ்வொருவர் மேஜையிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை. அதோடு, சில வேலைகள் இயல்பிலேயே கண்ணில் படாதவை. தப்பு நடக்காமல் தடுத்தவர் வேலைக்கு அடையாளமே மிஞ்சாது. சுருங்காத துணியைப் பார்த்து யாரும் ‘இது ஏன் சுருங்கவில்லை’ என்று கேட்பதில்லை. நம் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர் ஓர் இதழில் எத்தனை பிழைகளைப் பிடித்தார் என்பது வாசகருக்குத் தெரியாது. விட்டுப்போன ஒன்றுதான் தெரியும். கணக்குப் பிரிவு, பராமரிப்பு, நர்சிங், ஸ்டோர் என்று இந்த வகை வேலையில் இருப்பவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

இந்த விஷயத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் கேதரின் ஜான்சன். 1953-ல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்களைத் தனியாக ஒரு பிரிவில் உட்காரவைத்திருந்த காலம் அது. விமான ஆய்வுக்கான கணக்கெல்லாம் பெண்கள் போடுவார்கள். அறிக்கை வெளிவரும்போது பொறியாளர் பெயர்தான் இருக்கும். அறிக்கைகளை வரிவரியாக அலசும் கூட்டங்களுக்குப் பெண்களை அழைப்பதும் இல்லை. ஜான்சன் நானும் வருகிறேன் என்றார். பெண்கள் வரும் வழக்கமில்லை என்றார்கள். வரக்கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். விடாமல் கேட்டுக் கேட்டே உள்ளே போய் உட்கார்ந்தார்.

1960-ல் டெட் ஸ்கோபின்ஸ்கி என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். பூமியில் நாம் குறிப்பிடும் ஓர் இடத்துக்கு நேர் மேலே செயற்கைக்கோள் வர வேண்டுமானால், அதை எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும் என்ற கணக்கு அது. அறிக்கை முடியும் முன்பே ஸ்கோபின்ஸ்கி ஹூஸ்டனுக்குப் போக விரும்பினார். ‘இதைக் கேதரினே முடிக்கட்டும், பெரும்பாலான வேலையைச் செய்தவரும் அவர்தான்’ என்கிற பொருளில் அவர் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். அறிக்கை இருவர் பெயரோடும் வெளிவந்தது. அவர்கள் இருவரும் வேலை பார்த்த பிரிவின் ஆய்வறிக்கை ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர் அச்சானது அதுவே முதல் முறை. தம் பணிக்காலத்தில் மொத்தம் 26 அறிக்கைகளில் அவர் பெயர் வந்தது.

1962-ல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், கணிப்பொறி போட்ட கணக்கை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்ட கதையைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கோ அந்த அறிக்கையில் பெயர் வந்த கதை அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒருவர் கூச்சப்படாமல் கேட்டார். இன்னொருவர் மறைக்காமல் சொன்னார். இதில் எது குறைந்திருந்தாலும் அந்தப் பெயர் அச்சேறியிருக்காது.

அரசுப் பணியில் இருக்கும் வாசகர்களுக்கு வேறொரு கதை சொல்ல வேண்டும். எல்லைச் சாலைகள் அமைப்பில் ஒரு செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளராக உயர, மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் ரகசியக் குறிப்பேட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு ‘மிக நன்று’ இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு இருந்தது. 1993-94-க்கு மட்டும் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வு போய்விட்டது. அப்போதெல்லாம் பாதகமான குறிப்பாக இருந்தால்தான் ஊழியருக்குச் சொல்வார்கள். ‘நன்று’ பாதகமில்லையே என்று அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அந்தப் பொறியாளரின் பெயரால் தேவ் தத் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அடுத்த ஆண்டே, முழுக் குறிப்பையும் ஊழியரிடம் காட்ட வேண்டும், ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுதித் தரலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அவர் வழக்காடிப் பெற்ற இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. குறிப்பு கைக்கு வந்ததும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து படியுங்கள்.

சகோதரிக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது என்று தேதியோடு அன்றன்றைக்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள். லாட்டை நிறுத்திய மறுநாள் காலையிலேயே மேனேஜருக்கு ஒரு மெயில்: ‘இந்த லாட் 8 சதவீதம் சுருங்கியது, நேற்று இரவு நிறுத்திவைத்தேன், மறுபடி காம்பாக்டிங் செய்ததில் 4 சதவீதத்துக்கு வந்துவிட்டது, காம்பாக்டிங் ஆபரேட்டர் கூடவே இருந்து உதவினார்.’ இதில் நீங்கள் உங்களைப் புகழ்ந்துகொண்டதாக யாரும் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். கூட உழைத்தவரின் பெயரையும் சொல்வதால் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு கூடும். பிறகு அப்ரைசல் படிவம் வரும்போது, ‘கொடுத்த வேலைகளை உரிய நேரத்தில் முடித்தேன்’ என்று எல்லோரும் எழுதும் அந்த வெறும் வரியை நீங்கள் எழுத வேண்டியிருக்காது. நோட்டைப் பிரித்தால் போதும்.

உங்கள் பெயரை விட்டுவிட்டு மெயில் போனால், முதலில் மறதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சார், அந்த மெயிலில் என் பேரும் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்’ என்று தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் வேண்டாம். நல்ல மேலதிகாரிக்கு இது போதும். எத்தனை முறை சொன்னாலும் காதில் விழாத இடங்களும் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளி என்றும், பெண் என்றும், சாதி பார்த்தும் பெயரை அமுக்கிவிடும் இடங்கள் அவை. அங்கே நோட்டு உடனே எதையும் மாற்றிவிடாது. ஆனால், வேறு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய் உட்காரும்போது, என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குத் தேதியோடும் கணக்கோடும் பதில் சொல்ல உதவும்.

மேலதிகாரிகளாக இருக்கும் வாசகர்களிடம் ஒன்று உரிமையோடு கேட்கிறேன். ‘டீம்’ என்று எழுதும் இடத்தில் இரண்டு பெயரைச் சேர்த்து எழுதுங்கள். பாராட்டு மெயிலை மேலே அனுப்பும்போது, வேலை செய்தவருக்கும் ஒரு நகல் போகட்டும். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கும், ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவருக்கும் போகட்டும். இதனால் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது. ஸ்கோபின்ஸ்கியின் பெயரும் அந்த அறிக்கையில் இருக்கத்தானே செய்கிறது.

அடுத்த இதழிலிருந்து நம் பத்திரிகையிலும் ஒரு மாற்றம் வருகிறது. பக்கம் வடிவமைப்பவர்கள், பிழை திருத்துபவர்கள், அச்சகத்தில் இரவெல்லாம் நிற்பவர்கள் ஆகியோரின் பெயர்கள் உள்ளடக்கப் பக்கத்தின் கீழே வரும். உங்களிடமும் ஒன்று வேண்டும். உங்கள் அலுவலகத்தில், ஆலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் யாருடைய வேலை யார் கண்ணிலும் படாமல் போகிறது என்று நினைக்கிறீர்கள்? அவர் செய்யும் வேலையை விவரமாக எழுதுங்கள், அவருடைய சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசகர் கடிதம் பகுதியில் இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கடிதம் எங்கள் கைக்குக் கிடைத்தால் அடுத்த இதழிலேயே வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்