பால் ஒத்துக்கொள்ளாத வயது

தென்னிந்தியாவில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. 1981-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்ன கணக்கு இது. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களைச் சோதித்தபோது 66.6 சதவீதம் பேருக்கு அது செரிக்கவில்லை. டெல்லியில் சோதித்தவர்களிடம் அதே குறை 27.4 சதவீதம்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கணக்கு மருத்துவ இதழ்களில் இருக்கிறது. நம் வீடுகளிலோ அதற்கு வேறு பெயர்கள்: வாயு, கேஸ் டிரபிள், வயிற்றுப் பொருமல், 'எனக்குச் சூட்டு உடம்பு'. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதே கையோடு அடுத்த காபியையும் குடித்துவிடுகிறோம்.

பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ். குளுக்கோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் சேர்ந்தது அது. பிரித்தால்தான் சிறுகுடல் உறிஞ்சும். பிரிக்கும் வேலையைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி. கைக்குழந்தைக்கு அது ஏராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கன்றுக்கும் குட்டிக்கும் அப்படித்தான், உலகத்து மனிதர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான். வளர்ந்த பிறகும் லாக்டேஸ் குறையாமல் சுரப்பதுதான் விதிவிலக்கு. அதற்கான மரபணு மாற்றத்தை 2002-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியர்களிடமும் இருப்பதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு. ஆனால் இங்கேயே, நீலகிரியில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்துப் பாலும் மோரும் உண்டு வாழ்ந்த தோடர்களிடம் அது மிக அதிகமாக இருந்தது. பாலோடு வாழ்ந்த சனங்களின் குடல் பாலுக்குப் பழகியது. நெல்லும் கம்பும் கேழ்வரகுமாக வாழ்ந்த நமக்கு அந்த அவசியம் நேரவில்லை. ஆகவே நாற்பது வயதில் பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் உடம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த மண்ணில் பிறந்த உடம்புக்கு இதுதான் இயல்பு.

எனக்கு இது நாற்பதுகளின் நடுவில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து தேறினேன். அதற்குப் பிறகு காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும். சேலைக் கட்டைத் தளர்த்தினால்தான் மூச்சு சீராகும். பிறகு உள்ளே கடமுடவென்று சத்தம், அவசரமாகக் கழிவறைக்கு ஓட்டம். வெளியூர்ப் பேருந்துப் பயணத்துக்கு முந்தைய இரவே சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினேன். நாற்பது வருடம் ஒத்துக்கொண்ட பால் ஏன் திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது புரியவே இல்லை.

டாக்டர் விளக்கினார். நொதி பல வருடங்களாகவே குறைந்துகொண்டு வந்திருக்கும். மிச்சம் இருந்ததை வைத்து உடம்பு சமாளித்திருக்கும். குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் எந்தத் தொற்றும் அந்த மிச்சத்தையும் தற்காலிகமாகக் குறைத்துவிடும். தொற்றினால் மட்டும் வந்த குறையாக இருந்தால் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடும். பிறவியிலேயே குறைந்துவரும் உடம்பாக இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. வயிற்றுப்போக்கு வந்து படுத்தவருக்கு நம் ஊரில் முதலில் கொண்டுபோய்க் கொடுப்பது பாலும் பிரெட்டும்தானே? லாக்டேஸ் மிகவும் குறைந்திருக்கும் அந்த நாட்களில் பெரியவர்களுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது புண்பட்ட குடலுக்கு மேலும் ஒரு சுமை. அரிசிக் கஞ்சியும் உப்புப் போட்ட மோரும் கொடுத்த பாட்டிகள் சரியாகவே செய்திருக்கிறார்கள். (தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அது வேறு விஷயம்.)

மூச்சுப் பரிசோதனை எடுத்தார்கள். முந்தைய இரவு வெறும் சோறு, பருப்பும் கீரையும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் போனதும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். பிறகு லாக்டோஸ் கரைத்த தண்ணீர். லேசான இனிப்பு, மணம் ஒன்றுமில்லை. அதைக் குடித்துவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் ஊத வேண்டும், மூன்று மணி நேரம் வரை. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே இருக்கும் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜனை உண்டாக்கும். மனித உடம்பின் செல் எதுவும் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. அந்த வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். ஆரம்ப அளவைவிட பத்து லட்சத்தில் 20 பங்கு ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். என் எண்கள் இரண்டாவது மணி நேரத்தில் ஏறத் தொடங்கின. வயிற்றில் கடமுடவும் அப்போதே ஆரம்பித்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்வது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் எனக்கு நிஜமாகவே பெரிய நிம்மதி. பயந்துகொண்டிருந்த எதுவும் இல்லை, வெறும் பால்.

இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இரண்டு வாரம் பாலும் பாலில் செய்த எதுவும் இல்லாமல் இருந்து, தொல்லை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு காலையில் ஒரு டம்ளர் பால் குடித்து, தொல்லை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, காய்ச்சல் ஆகியவை பாலால் வருபவை அல்ல. அவற்றோடு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது பாலின் புரதத்தால் வரும் அலர்ஜி. அதற்கு ஒரு சொட்டுப் பாலும் ஆபத்து. நான் பேசுகிற குறைக்கு அளவுதான் கணக்கு.

அளவு என்ற இந்த விஷயம் தெரியாததால்தான் பலர் வீணாக அலைகிறார்கள். எனக்கும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறு, பச்சை பாக்கெட்டை விட்டு நீலத்துக்குப் போ, நாட்டு மாட்டுப் பால் வாங்கு, ஆட்டுப் பால் வாங்கு, நன்றாகக் காய்ச்சிக் குடி. எல்லாவற்றிலும் லாக்டோஸ் ஏறக்குறைய ஒரே அளவுதான், 100 மில்லிக்கு ஐந்து கிராமை ஒட்டி. கொழுப்பை எடுத்தாலும் அது போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஏ2 பால் என்று விற்பதில் மாறுவது புரதத்தின் வகை, சர்க்கரை அல்ல.

ஆனால் லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை லாக்டோஸைப் பெரிய தொல்லையின்றித் தாங்குகிறார்கள் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் 2010-ல் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. நம் டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்று வைத்தால் ஐந்து கிராம். இரவில் கால் லிட்டர் பாலைச் சத்து மாவு கலந்து ஒரே மூச்சில் குடித்தால் 12 கிராமைத் தொட்டுவிடும். இந்தக் கணக்கு புரிந்ததும் என் காபி எனக்குத் திரும்பக் கிடைத்தது. டிகாஷன் தூக்கலாக, பால் பாதியாக, வெறும் வயிற்றில் இல்லாமல் இட்லிக்குப் பிறகு. சாப்பாட்டோடு சேர்ந்தால் பால் மெதுவாக இறங்குகிறது, குடலுக்கு நேரம் கிடைக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பெருங்குடல் பாக்டீரியாவும் பழகிக்கொள்ளும். என்னைவிடக் குறைவாகத் தாங்குபவர்களும் உண்டு. அவரவர் அளவை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தயிரை விட்டுவிட வேண்டாம். உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மீதியைக் குடலுக்குள் போன பிறகும் அதன் நொதி பிரித்துக் கொடுக்கிறது. ராத்திரி உறை ஊற்றி நன்றாகப் புளித்த தயிர் நல்லது, தண்ணீர் சேர்த்துக் கடைந்த மோர் இன்னும் நல்லது. ஆனால் ஹோட்டல் தயிர்சாதத்தில் கவனம் வேண்டும். புளிக்காமல் இருக்கப் பாலை நிறைய ஊற்றிக் கொஞ்சம்போல் தயிர் கலப்பது அங்கே வழக்கம். பிரயாணத்துக்கு வீட்டில் கட்டும் தயிர்சாதமும் அப்படித்தான். ரயிலில் ஏறி அதைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுகிறவர்களுக்குக் காரணம் தெரிவதே இல்லை.

நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. ஆகவே கல்யாண இலையில் மைசூர்பாக்கு, லட்டு, அதிரசம் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலும் நெய்யும். தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்புப் பாயசம் பயமில்லை. பயப்பட வேண்டியது பாலைச் சுண்டவைத்துச் செய்தவற்றுக்கு: பால்கோவா, திரட்டுப்பால், பாசுந்தி, குலாப் ஜாமூன். ஒரு லிட்டர் பாலைச் சுண்டவைத்தால் தண்ணீர்தான் போகிறது. அதிலிருந்த லாக்டோஸ் கிட்டத்தட்ட 48 கிராமும் சட்டியிலேயே நின்றுவிடுகிறது. பால்பவுடரும் அப்படித்தான், கொழுப்பு நீக்கியதில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ். பிஸ்கட், சூப் பொடி, உடனடிக் காபிக் கலவை என்று அது எதிலெல்லாமோ கலக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். சில மாத்திரைகளிலும் லாக்டோஸ் உண்டு, மிகச் சிறிய அளவில். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பால் இப்போது கிடைக்கிறது. லாக்டேஸைச் சேர்த்து முன்கூட்டியே பிரித்துவிட்ட பால் அது. கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். சர்க்கரை நோயாளிகள் பெயரைப் பார்த்துச் சர்க்கரை இல்லாத பால் என்று நினைத்துவிடக் கூடாது. லாக்டேஸ் மாத்திரையும் உண்டு. முதல் வாய் பாலோடு சேர்த்துப் போட்டால்தான் பயன்.

வயிற்றைச் சமாளிப்பது சுலபம். மனிதர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். நம் ஊரில் அன்பைக் காட்டும் முதல் வழியே பால். மணமக்களுக்குப் பாலும் பழமும், புது வீட்டில் பால் காய்ச்சல், வந்தவருக்குத் தண்ணி கலக்காத காபி. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. விருதுநகரில் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். டபராவில் நுரை பொங்கக் கொண்டுவந்து வைத்தார்.

"சித்தி, எனக்குப் பால் ஒத்துக்கிறதில்ல. வரக்காப்பி போட்டுக் குடுங்க."

"ஒரு வாய் குடிச்சா என்னடி ஆயிரும்? உனக்குன்னுதான் கறந்த பால் வாங்கி வச்சேன்."

என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். உப்புசம், சத்தம், ஓட்டம் எல்லாவற்றையும். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுப்பங்கரைக்கு என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் ராத்திரி பால் குடிச்சா வயிறு பானையாட்டம் உப்பிக்கிருது. விடியக்காலம் ரெண்டு தடவ ஓட வேண்டியிருக்கு. வயசாச்சு, அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன். அதான் கோயில் டூருக்குக் கூப்பிட்டாக்கூடப் போறதில்ல."

எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் அவர் வருடக்கணக்காக இரவில் ஒரு பெரிய டம்ளர் பால் குடித்துவந்திருக்கிறார். வீட்டில் மீந்த பாலையும் பாயசத்தையும் கொட்ட மனமில்லாமல் குடித்து முடிப்பதும் அவர்தான். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் இப்படி வாயைத் திறக்காமல் அவதிப்படுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வயிறு சம்பந்தப்பட்டதை வெளியில் சொல்லக் கூச்சம். சொன்னாலும் 'வயசாச்சு' என்ற பதில்.

இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். பத்து நாள் போவதற்குள் போன் வந்தது. வயிறு அமைதியாக இருக்கிறதாம்.

பாலை நிறுத்தியதோடு விட்டுவிட்டால் எலும்புக்கு ஆபத்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அரை லிட்டர் பாலில் கிடைத்தது சுமார் 600. அந்த இடத்தை வேறு எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உண்டு. எள்ளில் அதைப்போல மும்மடங்குக்கு மேல். அகத்தி, முருங்கைக்கீரை உண்டு. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு உண்டு. பாலக்கீரையை நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சித்தி இப்போது காலையில் கேழ்வரகுக் கூழில் புளித்த மோர் ஊற்றிக் குடிக்கிறார், மதியம் சோற்றுக்கு எள்ளுப்பொடி. வைட்டமின் டி குறைவாக இருந்தால் எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும் சரியாக ஒட்டாது என்பதால், டாக்டர் அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கப் போகிறோம், நானும் கூடப் போகிறேன்.