நாடகக்காரி என்று ஏசினார்கள். தலைவி என்று வணங்கினார்கள்

பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, தூக்குப்போசியுடன் தெருவில் நடந்து வருகிறாள் ஒரு பெண். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார்? "ராத்திரியில் வேலைக்குப் போகிறவள்தானே!" என்கிறார். அவள் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டுதான் அவர் இதைச் சொல்கிறார்!

இந்த ஏச்சு இன்று பிறந்ததல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஏச்சுக்கு ஆளானவர்கள் நாடக நடிகைகள். விடிய விடிய அவர்கள் பாட்டைக் கேட்டு ரசித்த ஊர், விடிந்ததும் "கூத்தாடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மேடையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதையை நம் மில் தோழர்களும் காட்டு வேலைத் தோழியரும் அறிய வேண்டும். அவர்தான் தோழர் கே.பி. ஜானகியம்மாள்.

1917-ல் மதுரையில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாட்டி வளர்த்தார். பள்ளியில் இருக்க வேண்டிய 12 வயதில், பாடத் தெரிந்த ஒரே காரணத்தால் பழனியப்பா பிள்ளை நாடகக் கம்பெனிக்குப் போனார். மாதச் சம்பளம் 25 ரூபாய். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வறுமை ஒரு குழந்தையை வேலைக்கு அனுப்பியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தை தன் உழைப்பால் கதாநாயகியாக உயர்ந்தது. உடன் ஆர்மோனியம் வாசித்த குருசாமியை மணந்தார்.

ஸ்பெஷல் நாடகம் என்பது அன்று எப்படி நடந்தது? ஒரு கம்பெனி என்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஓர் இரவுக்குக் கூலி பேசி மேடையேற்றுவார்கள். தொண்டை கட்டினால் அன்று கூலி இல்லை. பீஸ் ரேட்டில் உழைக்கும் நமக்கு இது புரியாதா?

அந்த மேடையிலேயே விடுதலைப் போரும் நடந்தது. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி பறவை விரட்டுவாள். கொக்கை விரட்டும் பாட்டில் விரட்டப்பட்டவன் வெள்ளைக்காரன்! போலீஸ் மேடையோரம் காத்து நிற்கும். அந்தப் பாட்டுகளுக்காகவே பலமுறை சிறை சென்ற பெரும் நடிகர் விஸ்வநாததாஸ். அவர் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஜானகி மறுக்கவில்லை. சாதி வெறிக்கு அவர் கொடுத்த முதல் அடி அந்த மேடையில்தான் விழுந்தது.

1936-ல் காங்கிரசில் சேர்ந்தார். அங்கிருந்து சோஷலிஸ்டுகளிடம் வந்தார். 1940-ல் கம்யூனிஸ்ட் ஆனார். உலக யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். நாடகத்தில் சம்பாதித்த நகையும் சொத்தும் இயக்கத்துக்குப் போயின. பாட்டால் கூட்டம் சேர்த்தார், கூடியவர்களைச் சங்கமாக்கினார். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். நாடகக்காரியை ஏசிய ஊர், அவருக்கே ஓட்டுப் போட்டது!

இன்று நாடகக் கொட்டகை இல்லை; வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருக்கிறது. சீரியலில் பட்டுச்சேலையில் மின்னும் பெண்ணுக்கு என்ன கவலை என்று நினைக்கிறோம். படப்பிடிப்புத் தளத்தில் பெண்கள் படும் பாட்டைப் பக்கத்து மாநிலம் காட்டிவிட்டது. மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. படப்பிடிப்பில் கழிப்பிடம் இல்லை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றது அது. பாலியல் தொல்லையைச் சொன்னால் வேலை போகும் என்றது.

தோழியரே! இது நடிகையின் கதையா, நம் கதையா? மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீர் குடிக்காத பெண்கள் நம்மிடையே இல்லையா? சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயர் வைத்து, கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் பூட்டி வேலை வாங்கிய ஸ்பின்னிங் மில்களை இந்த வட்டாரம் மறந்துவிட்டதா?

பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசும் வாய், அவள் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. ஏன்? அவள் தலைகுனிந்து நடந்தால் கூலி கேட்கமாட்டாள், சங்கத்துக்கு வரமாட்டாள். லாபம் யாருக்கு? திண்ணைக்காரருக்கு அல்ல, முதலாளிக்கு!

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்கக் கமிட்டி இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானதே; ஆகவே சங்கமாகக் கேளுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. திண்ணைப் பேச்சு காதில் விழுந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். "அவள் உழைத்துச் சாப்பிடுகிறாள்" என்று அங்கேயே பதில் சொல்லுங்கள். ஜானகியம்மாளுக்கு நாம் செய்யும் மரியாதை மாலை போடுவதில் இல்லை, அந்தப் பதிலில் இருக்கிறது.